கடன் வாங்கிக் கொடுப்பது கொடையாகுமா?

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் இல்லங்களில் இரண்டு நாட்காட்டிகள் அருகருகே தொங்கத் தொடங்குகின்றன. ஒன்று திருச்சபையின் நாட்காட்டி. ஊதா நிறம் உடுத்தி, விழித்திரு, காத்திரு, குறைத்துக்கொள் என்கிறது அது. மற்றொன்று கடைவீதியின் நாட்காட்டி. இன்றே வா, இப்போதே வாங்கு, பணம் பிறகு தரலாம் என்கிறது இது. இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்குப் புத்தாடை, பெற்றோருக்கு வேட்டி சேலை, மணமாகிப் போன தங்கை வீட்டுக்குத் துணிமணி, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம், புது மருமகனுக்கு முதல் கிறிஸ்து பிறப்பு விழாவின் சீர், அண்டை வீட்டு இந்து, இசுலாமிய நண்பர்களுக்கு அனுப்பும் தட்டு. கூட்டிப் பார்த்தால் தொகை கையிருப்பைத் தாண்டி நிற்கிறது. "எங்காவது புரட்டிக்கொள்ளலாம்" என்ற ஒரு சொல்லோடு தாள் மடிக்கப்படுகிறது.

அந்த ஒரு சொல்லைத்தான் இக்கட்டுரை சிந்திக்க விழைகிறது. விழாவுக்குச் செலவிடுவது தவறா என்பதன்று நம் வினா. பிறந்த பாலனைக் கொண்டாடாத வீடு கிறிஸ்தவ வீடாகாது. வினா வேறு. தன்னிடம் இல்லாததை ஒருவன் கொடுக்க முடியுமா? கடன் வாங்கிக் கொடுக்கும்போது அவன் எதைக் கொடுக்கிறான், யாருடையதைக் கொடுக்கிறான்?

ஒரு சொல், இரு பொருள்

தமிழில் "கடன்" என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். நன்றிக்கடன், நேர்ச்சைக்கடன், நீத்தார் கடன் என்றெல்லாம் நாம் சொல்லும்போது வட்டிக்கடைக்காரர் நம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் பண்டிகைக் காலத்தில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. செய்தே தீர வேண்டும் என்ற முதற்கடன், திருப்பித் தர வேண்டிய இரண்டாம் கடனை ஈன்றெடுக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், பழங்குடிச் சமூகங்களில் கொடுப்பதும், பெறுவதும், திருப்பிக் கொடுப்பதும் ஆகிய மூன்றுமே கட்டாயங்களாக விளங்குவதைக் காட்டினார். நமக்கு இது புதிய செய்தியன்று. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் மொய் விருந்து நடத்துவார்கள். யார் எவ்வளவு தந்தார்கள் என்பது நோட்டுப் புத்தகத்தில் ஏறும். அவர்கள் வீட்டு விருந்தில் அது திரும்பச் செல்லும். இதை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. வங்கி வாசல் மிதியாத குடும்பத்துக்கு, வட்டியில்லாமல் ஒரு பெருந்தொகை திரண்டு கிடைக்கும் வழி அது. ஏழைகள் தங்களுக்குள் கண்டுபிடித்துக்கொண்ட காப்புறுதி அது.

ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. நோட்டில் எழுதப்படும் பணம் கைமாற்றே தவிர, கொடை ஆகாது. கைமாற்றில் இழிவு எதுவுமில்லை; ஆனால் கைமாற்றைக் கொடையென்று அழைத்து, அக்கொடையைக் கிறிஸ்துவின் பிறப்போடு முடிச்சுப் போடும்போதுதான் நம் மனச்சான்று சற்று நெளிய வேண்டும். போன ஆண்டு அவர்கள் அனுப்பிய சேலையின் விலையை மதிப்பிட்டு, அதற்குக் குறையாத ஒன்றைத் தேடிக் கடை கடையாக அலைபவர் பரிசு வாங்கவில்லை, தவணை கட்டுகிறார்.

அன்பு கணக்குப் பார்க்குமா?

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்பு எழும். அன்பு கணக்குப் பார்க்குமா? வரவு செலவைக் கூட்டிக் கழித்தபின் கொடுப்பது வணிகமன்றோ? எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண், தன் பிழைப்புக்கு இருந்த அனைத்தையுமே அன்றோ போட்டுவிட்டாள்? ஆண்டவர் அவளைப் புகழ்ந்தாரே!

இது வலுவான எதிர்ப்பு. இதை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. திருவள்ளுவரிடமே இந்த முரண் இருப்பது போலத் தோன்றுகிறது. வலியறிதல் என்னும் அதிகாரத்தின் கடைசி நான்கு குறள்களில் அவர் வருவாயின் அளவையும் செலவின் அளவையும் பேசுகிறார். தன்னிடம் உள்ளதன் அளவை எண்ணாமல் செய்யும் உபகாரத்தால் ஒருவனது செல்வம் விரைவில் அழியும் என எச்சரிக்கிறார். ஆனால் ஒப்புரவறிதல் அதிகாரத்தை முடிக்கும்போதோ, ஒப்புரவினால் கேடு வருமானால், தன்னையே விற்றாவது அக்கேட்டைப் பெற்றுக்கொள்ளலாம் என்கிறார். எது வள்ளுவரின் உள்ளம்? அளந்து கொடுப்பதா, அழியும்வரை கொடுப்பதா?

கூர்ந்து நோக்கினால் முரண் மறைகிறது. ஒப்புரவினால் வரும் கேட்டை ஏற்கத் துணிபவன் விற்பது தன்னை. தன் மனைவி மக்களையன்று. கோவிலில் நின்ற கைம்பெண் போட்டது அவளுடைய இரண்டு காசு. அண்டை வீட்டாரிடம் வாங்கி வந்ததன்று. இருவருமே தம் கொடையின் விலையைத் தாமே தாங்குகிறார்கள். இங்கேதான் தியாகத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு ஓடுகிறது. தன்னை இழந்து கொடுப்பவன் தியாகி. பிறரை இழக்கச் செய்து கொடுப்பவன், அவன் உள்ளம் எத்துணை நல்லதாயினும், தியாகியல்லன். ஆகவே அன்பு கணக்குப் பார்க்க வேண்டியது எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்காக அன்று. யார் அதற்குச் செலுத்துகிறார்கள் என்பதற்காக.

செலுத்துபவர் யார்?

விழாக்காலக் கடனின் கணக்கை ஒருமுறையேனும் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. நம் ஊர்ச் சந்தைகளில் பழக்கமான தண்டல் முறையை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருகிறார்கள் என்போம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். பதினைந்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் கட்டக் கட்ட நம்மிடம் இருக்கும் பணம் குறைந்துகொண்டே வருகிறது. காலமும் 100 நாட்களே. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 100 விழுக்காட்டையும் தாண்டிவிடும். கடன் அட்டையில் மாதம் 3.5 விழுக்காடு என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், அது ஆண்டுக்கு 42 விழுக்காடு. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றின் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நுண்கடன் பெறும் குடும்பத்தின் மாதத் தவணைகள் அதன் மாத வருவாயில் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று 2022இல் இந்திய ரிசர்வ் வங்கி வரையறுத்தது. இத்தகைய வரம்பு தேவைப்பட்டது என்பதே நம் வீடுகளின் நிலையைச் சொல்லிவிடும்.

இந்தப் பணத்தைக் கட்டுபவர் யார்? பட்டியலில் பெயரில்லாதவர்களே கட்டுகிறார்கள். சனவரியில் பள்ளிக் கட்டணத்துக்கு நாள் கேட்டு நிற்கும் மகள் கட்டுகிறாள். அடகுக் கடைக்குச் சென்ற தாலிக்கொடியின் இடத்தில் மஞ்சள் கயிறு அணிந்த மனைவி கட்டுகிறாள். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கும் முதிய தந்தை கட்டுகிறார். அவர்கள் எவரும் அச்செலவுக்கு இசைவு தந்தவர்கள் அல்லர். அவர்கள் பங்கிலிருந்து எடுத்து, நம் பெயரை எழுதி, பிறருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

தாய் தந்தையருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை ஆண்டவர் எத்துணைக் கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் காட்டுகிறது. கடவுளுக்கே கொடுத்தாலும், கொடுக்கப்பட்டது பிறருக்கு உரியதாயின், அது காணிக்கையாகாது. அப்படியிருக்க, சம்பந்தி வீட்டுக்குக் கொடுப்பது எம்மாத்திரம்? புனித தோமா அக்குவினாவும் தம் இறையியல் தொகுப்பில் தர்மத்தைப் பற்றிப் பேசும்போது இதே ஒழுங்கைக் கற்பிக்கிறார். தானும் தன் பொறுப்பில் உள்ளவர்களும் உயிர்வாழத் தேவையானதிலிருந்து எடுத்துக் கொடுப்பது பொதுவாக ஒழுங்குக்கு மாறானது என்கிறார். ஆனால் தன் தகுதிக்கேற்ற வாழ்வுக்கென வைத்திருப்பதில் சிலவற்றைக் குறைத்துக்கொண்டு கொடுப்பது நல்லது என்றும் சொல்கிறார். சேலை ஒன்றைக் குறைத்துக் கொடுக்கலாம். சோற்றைக் குறைத்துக் கொடுக்கலாகாது. எளிய இந்த வேறுபாட்டை நாம் தலைகீழாக்கிவிடுகிறோம்.

இரண்டு புறாக்கள்

ஏன் தலைகீழாக்குகிறோம்? பேராசையால் அன்று. வெட்கத்தால். "நம்மால் இவ்வளவுதான் முடிந்தது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல நாக்கு எழாமையால். கடன் வாங்குவதைவிட அவ்வாக்கியத்தைச் சொல்வது கடினமாகிவிட்டது.

அவ்வாக்கியத்தைச் சொன்ன ஒரு குடும்பத்தை நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. பிள்ளை பெற்ற தாய், தன் தூய்மைச் சடங்குக்கு ஓர் ஆட்டுக்குட்டியையும் ஒரு பறவையையும் கொண்டுவர வேண்டும் என்பது லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம் தரும் சட்டம். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டு வரலாம் என்று அதே சட்டம் இரக்கத்தோடு இடம் விடுகிறது. மரியாவும் யோசேப்பும் குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டு சென்றபோது ஒப்புக்கொடுத்த பலியாக லூக்கா குறிப்பிடுவது பறவைகளை மட்டுமே. ஆட்டுக்குட்டியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இதன் பொருளை எண்ணிப் பார்ப்போம். அது மறைவில் நடந்த செயலன்று. எருசலேம் கோவிலில், பலர் பார்க்க, கையில் இருப்பது ஆடா புறாவா என்று எவரும் அறியக்கூடிய இடத்தில் நடந்தது. தாவீதின் வழிமரபினர் என்ற குடும்பப் பெருமை யோசேப்புக்கு இருந்தது. தம் தலைமகனுக்கு ஓர் ஆட்டுக்குட்டியாவது கொடுக்க வேண்டாமா என்று எந்தத் தந்தைக்கும் தோன்றும். அவர் புறாக்களைக் கொடுத்தார். "நாங்கள் ஏழைகள்" என்று வாய்விட்டுச் சொல்லாமலே சொன்ன அந்தச் செயலில் தாழ்ச்சி இருக்கிறது. அதைவிட மேலாக உண்மை இருக்கிறது. கடன் வாங்கிய ஆடு அந்தப் பீடத்தில் ஒரு பொய்யாகியிருக்கும்.

பெறுபவரின் அறம்

இதுவரை கொடுப்பவனையே குற்றக்கூண்டில் நிறுத்தினோம். அது போதாது. சிறிய கொடையைக் கொடுக்க ஒருவனுக்குத் துணிவு வேண்டுமானால், அதைப் பெறுபவனுக்கு அருள் வேண்டும். புடவையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து விலையை ஊகிக்கும் விரல்கள், "மூத்த மருமகளின் வீட்டார் இதைவிட நன்றாகச் செய்தார்களே" என்னும் ஒரு சொல், இவையே அடுத்த ஆண்டின் கடன் பத்திரத்தை எழுதுகின்றன. கொடுப்பவன் கடன்பட்டதற்குப் பெறுபவன் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. பிறன் தன் சக்திக்கு மீறிச் செய்வதை எதிர்பார்ப்பதும், செய்தபின் அறிந்தும் அறியாதது போல் ஏற்றுக்கொள்வதும் அன்புக்கு எதிரானவையே.

பங்குகளாகிய நாமும் நம்மை ஆராய வேண்டும். நன்கொடையாளர்களின் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பெரிய தொகைக்குப் பின் எழும் சலசலப்பும், சிறிய தொகைக்குப் பின் விழும் மௌனமும் எவரையும் கல்லில் செதுக்கியது போலத் தாக்கும். மீரா நகர் ஆயர் புனித நிக்கோலாஸ், மணம் முடிக்க வழியற்ற மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் எவரும் அறியாமல் பொன்முடிப்பை எறிந்தார் என்பது மரபு. கிறிஸ்து பிறப்பு விழாவின் பரிசுக்கே தந்தையாகப் போற்றப்படுபவர் இருளில் கொடுத்தார்; நாம் ஒலிபெருக்கியில் கொடுக்கிறோம். கைம்பெண்ணின் காசைப் பற்றிய நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை ஆண்டவர் சாடினார் என்பதையும் மறத்தலாகாது.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். டிசம்பர் 24ஆம் நாள் இனிப்புப் பெட்டியைப் பரிசளித்துவிட்டு, உரிய கூலியைப் பொங்கலுக்குப் பிறகு தருகிறேன் என்பவர் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டதே மிகுதி. நீதி முதலில், பிறரன்பு அதன்மேல் எழும் மாடி. அடித்தளமில்லாத மாடியில் விளக்கு ஏற்றிப் பயனில்லை.

பொருளியல் அறிஞர் ஒருவர் இந்த முழு வழக்கத்தையுமே வீண் என்கிறார். அமெரிக்காவின் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட கட்டுரையில், கொடுத்தவர் செலவிட்ட தொகையைவிடப் பெற்றவர் அப்பொருளுக்குத் தரும் மதிப்பு குறைவு என்றும், விழாப் பரிசுகளின் மதிப்பில் 10 விழுக்காடு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இவ்வாறு கரைந்துபோகிறது என்றும் மதிப்பிட்டார். வீணாக்கத்தைப் பற்றி அவர் சொல்வது உண்மை. ஆனால் அக்கணக்கில் ஒன்று ஏறவில்லை. பாட்டி தன் கையால் பிசைந்து அனுப்பும் முந்திரிக்கொத்தின் மதிப்பைக் கடை விலை சொல்லாது. நினைக்கப்பட்டோம் என்பதே பரிசின் உள்ளீடு. உள்ளீடு இருக்கும் இடத்தில் சிறியது போதும். அது இல்லாத இடத்தில்தான் விலையை ஏற்றி நிரப்பப் பார்க்கிறோம்.

என்ன செய்யலாம்?

திருச்சபையின் பழைய ஞானம் இதில் நமக்குத் துணை நிற்கிறது. 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை புனித பெரிய லியோ, டிசம்பர் மாத நோன்பைப் பற்றிய மறையுரைகளில் நோன்பையும் தர்மத்தையும் ஒன்றாகக் கட்டினார். நோற்பவன் தனக்கு மறுப்பது ஏழைக்குச் சேர வேண்டும் என்பது அவர் போதனையின் சாரம். திருவருகைக் காலம் காத்திருக்கும் காலம் மட்டுமன்று, சேர்த்துவைக்கும் காலமுமாகும். விழாவுக்குரிய பணம் விழாவுக்குப் பின்னுள்ள மாதங்களிலிருந்து பறிக்கப்படாமல், முன்னுள்ள மாதங்களிலிருந்து திரட்டப்பட வேண்டும். சனவரி முதல் நவம்பர் வரை மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் 5,500 ரூபாய் கடனின்றிக் கையிலிருக்கும். பண்டிகைச் சீட்டுப் போடுபவர்கள் இதை அறிவார்கள். ஆனால் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்படி முறையாகப் பதிவு பெறாதவர்களிடம் சேமிப்பை ஒப்படைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதே.

கடனே வேண்டாம் என்று ஏழையிடம் சொல்வது எளிது. அவனுக்கு நேர்மையான வழியைத் திறப்பதே கடமை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வட்டிக்கு வாங்கி நொடித்த எளியோரைக் கண்ட பிரான்சிஸ்கன் துறவியர், இரக்க நிதிக் கூடங்களை எழுப்பினார்கள். 1462இல் பெரூஜா நகரில் அத்தகைய ஒன்று தோன்றியது. அடகுப் பொருளின் பேரில், நிர்வாகச் செலவுக்கு மட்டும் சிறு கட்டணம் பெற்றுக் கடன் தந்தார்கள். அது முறையானதே என்று 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் அறிவித்தது. நம் அன்பியங்களும் மகளிர் தன்னுதவிக் குழுக்களும் இதே வழியில் நடக்கலாகாதா? விழாவுக்கென ஒரு சிறு சேமிப்பு. நெருக்கடியில் உள்ளவருக்கு அதிலிருந்து ஒரு கைமாற்று. இது மறையுரையைவிட வலிமையான மறையுரையாகும்.

வீட்டிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் பட்டியலின் தலைப்பில் இருக்க வேண்டியவை நாம் பிறருக்குத் தர வேண்டிய கடன்களும், நம்மிடம் உழைத்தவர்களின் கூலியும். அடுத்து இல்லத்தாரின் கல்வி, மருந்து, உணவு. பிறகு ஏழையின் பங்கு. அதற்குப் பின்னரே உறவினருக்கான பரிசு. இறுதியாக நம் அலங்காரம். எஞ்சுவது எவ்வளவோ அவ்வளவே. தொகையைப் பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்லலாம். நம்மிடம் இருப்பது இவ்வளவு, இதற்குள் யாருக்கு என்ன தரலாம் என்று அவர்களையும் கேட்டால், கொடுப்பதன் இன்பத்தோடு அதன் எடையையும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

நாற்பதாம் நாள்

பெரிய கொடை தவறு என்று இதனால் எவரும் கொள்ள வேண்டாம். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள். அவை விலையுயர்ந்தவை. ஆனால் அவர்கள் திறந்தது தங்கள் பேழைகளையே என்று மத்தேயு எழுதுகிறார். பொன் இருந்தவர்கள் பொன்னைக் கொடுத்தார்கள். பொன் இல்லாத யோசேப்பு புறாக்களைக் கொடுத்தார். இரண்டையும் இறைவன் ஏற்றுக்கொண்டார். இரவல் எதுவும் அங்கே இல்லை.

அப்புறாக்களை நினைவுகூரும் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் நாற்பதாம் நாளாகிய பிப்ரவரி 2. ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த அவ்விழாவில் நாம் மெழுகுதிரி ஏந்திக் கோவிலுக்குள் நடக்கிறோம். அதற்குள் குடில் கலைக்கப்பட்டிருக்கும். விண்மீன் விளக்கு பரணில் ஏறியிருக்கும். பலகாரத் தட்டுகள் உரியவர்களிடம் திரும்பிச் சென்றிருக்கும். நம் கொடைகளின் உண்மையான மதிப்பைக் கணக்கிட உகந்த நாள் டிசம்பர் 25 அன்று, அந்நாளே. அன்று கையில் திரியோடு நிற்கும்போது, வாசலில் தண்டல்காரர் நிற்கும் நினைவின்றி, மகளின் கட்டணம் கட்டப்பட்டிருக்கும் நிம்மதியோடு, மனைவியின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தால், நாம் கொடுத்தது கொடைதான்.